"பெட் சேஃப்" புல்: திருத்தணி வெயில்ல யாருக்கு சேஃப்?

1/ நாய்க்காக வீட்டு வாசல்ல செயற்கைப் புல் விரிக்கப் போறவங்க, ஏற்கெனவே விரிச்சவங்க, ரெண்டு பேருக்குமான பதிவு இது. கொஞ்சம் நீளம். நேரமில்லைன்னா 13, 14 மட்டுமாவது படிச்சுட்டு, வீட்ல வாசல் கழுவுறவங்களுக்குக் காட்டிடுங்க.

2/ போன மே மாசம், ஞாயிறு மத்தியானம் டியூட்டி. அறுபது வயசு அம்மா ஒருத்தர் ஆட்டோல வந்தாங்க. கண்ணெல்லாம் தண்ணி, நிக்காத இருமல், வீசிங், ஆக்சிஜன் அளவு 91. இதுக்கு முன்னாடி ஆஸ்துமா கிடையாது. "என்னம்மா பண்ணீங்க?"ன்னு கேட்டேன். "வாசலைத்தான் கழுவினேன் தம்பி"ன்னாங்க.

3/ மகனுக்கு பெங்களூர்ல வேலை. அம்மாவுக்குத் துணையா ஒரு லாப்ரடார் வாங்கிக் கொடுத்து, வாசல் சிமென்ட் தரை மேலயே செயற்கைப் புல்லையும் ஒட்டிக் கொடுத்துட்டுப் போயிருக்கார். ரெண்டே மாசத்துல மூத்திர நாத்தம். அம்மா முதல்ல பிளீச்சிங் பவுடர் தூவியிருக்காங்க. நாத்தம் போகல. அதுக்கு மேலயே கக்கூஸ் கழுவுற ஆசிட்டை ஊத்தியிருக்காங்க.

4/ பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். முதல் உலகப் போர்ல 1915-ல எதிரிப் படை மேல திறந்துவிட்ட அதே வாயு. ஆக்சிஜன், நெபுலைசர், ஒரு ராத்திரி கண்காணிப்புன்னு பிழைச்சாங்க. திறந்த வாசலா இருந்தது நல்லதாப் போச்சு. மறுநாள் மகன் கேட்ட கேள்வி: "பெட் சேஃப்னுதானே போட்டிருந்தது டாக்டர்?"

5/ எனக்குச் சண்டையே அந்த வார்த்தையோடதான். அது விற்கிறவர் சொல்ற வார்த்தை, டாக்டர் கொடுக்குற சான்றிதழ் இல்ல. நல்ல கடையா இருந்தா அதுக்கு அர்த்தம்: ஈயம் கலக்கல, ரப்பர் துகள் கொட்டல, தண்ணி இறங்க அடியில ஓட்டை இருக்கு. மூணும் தேவைதான். ஆனா வெயிலைப் பத்தியும் மூத்திரத்தைப் பத்தியும் அதை நாம எதை ஊத்திக் கழுவுவோம்கிறதைப் பத்தியும் அந்த லேபிளுக்குக் கவலையில்ல.

6/ முதல்ல வெயில். கோடை வந்தா வானிலை அறிக்கையில வேலூரோட சேர்த்து நம்ம திருத்தணி பேரும் வரும். 40 டிகிரி இங்க ஒரு செய்தியே இல்ல. மத்தியான வெயில்ல மலைக்கோயில் 365 படியை வெறுங்காலோட ஏறினவங்களுக்குத் தெரியும், எங்கடா நிழல்னு கால் தானா ஓடும். நாய் ஆயுசு பூரா வெறுங்கால்தான்.

7/ அமெரிக்காவுல பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துல 2002-ல அளந்து பார்த்தாங்க. காற்று 37 டிகிரி இருந்த நாள்ல செயற்கைப் புல் மைதானத்தோட மேற்பரப்பு 93 டிகிரி வரைக்கும் போச்சு. தண்ணி அடிச்சுப் பார்த்தாங்க. 79-லேருந்து 29-க்கு இறங்குச்சு. அஞ்சே நிமிஷத்துல 49. இருபது நிமிஷத்துல 73.

8/ அது ரப்பர் துகள் போட்ட விளையாட்டு மைதானம். உங்க வீட்டுப் புல்லும் அதே அளவு சுடணும்னு இல்ல. ஆனா காரணம் ஒண்ணுதான். உயிருள்ள புல் நீராவியை விட்டுத் தன்னைத்தானே குளிர வச்சுக்கும். பிளாஸ்டிக்கால அது முடியாது.

9/ நாய்க்கு நம்மை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைச்சுதான் சூட்டை வெளியேத்தும். மத்தியானத்துல தெருநாய் என்ன பண்ணுதுன்னு பாருங்க. மரத்தடி மண்ணைத் தோண்டி, ஈரம் தெரிஞ்சதும் வயித்தை அழுத்திப் படுக்கும். தெருநாய்க்குக் கிடைக்கிற அந்த வசதியைத்தான் காசு கொடுத்து வாங்கின நாய்கிட்டேருந்து பிடுங்குறோம்.

10/ அடுத்து மூத்திரம். அதுல இருக்குற யூரியாவை பாக்டீரியா அமோனியாவா மாத்தும், அதுதான் நாத்தம். மண்ணா இருந்தா கீழ இறங்கிச் செடிக்கு உரமாகும். சிமென்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல அது எங்க போகும்? எலிக்காய்ச்சல் கிருமி நாய் மூத்திரத்துலயும் வரும். காயாத ஈரம்தான் அதுக்கு வசதி. நம்ம கால்ல இருக்குற சின்னக் காயம்தான் அதுக்கு வாசல்.

11/ "மண்ணுல மட்டும் கிருமி இல்லையா?" இருக்கு. நாயோட கொக்கிப்புழு மண்ணுலேருந்துதான் நம்ம தோலுக்குள்ள வரும். புதர் இருந்தா ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கும் பயப்படணும். ஆனா நாய்க்குப் பூச்சி மருந்து, தடுப்பூசி, அன்னன்னிக்கே மலத்தை அள்ளுறது, புதரை வெட்டுறது, இதுதான் அதுக்கு வழி. பிளாஸ்டிக் விரிச்சாலும் இதையெல்லாம் செஞ்சுதான் ஆகணும்.

12/ "தண்ணிக்கு எங்க போறது?" நியாயமான கேள்வி. ஆனா செயற்கைப் புல்லையும் தினம் அலசணும். அருகம்புல் மேல காஞ்சாலும் வேர் சாகாது, ஒரு மழைக்கு எழுந்துடும். நாய் மென்னு துப்பினாலும் பயமில்ல. தண்ணி மிச்சம்னு சொல்லி, ஊர் நிர்வாகங்கள் செயற்கைப் புல்லைத் தடுக்கக் கூடாதுன்னு சட்டம் வச்சிருந்த கலிபோர்னியாவே 2023-ல அதை மாத்தி, வேணும்னா தடுத்துக்கலாம்னு விட்டுடுச்சு.

13/ இதுக்கப்புறமும் வேணும்கிறவங்களுக்கு:
• நிழல் விழுற இடத்துல மட்டும் போடுங்க.
• தரைக்குச் சாய்வு இருக்கணும், தண்ணி வெளியேறணும்.
• பசை போட்டு ஒட்டாதீங்க. சுருட்டி எடுத்துக் காய வைக்க முடியணும்.
• ரப்பர் துகள் வேணாம். ஈயம் இல்லைங்கிற பரிசோதனை அறிக்கையைக் கேளுங்க. 2008-ல நியூஜெர்சியில நைலான் புல் மைதானங்கள்லயே ஈயம் கண்டுபிடிச்சாங்க.
• சாம்பிள் துண்டை மத்தியானம் ஒரு மணி வெயில்ல ஒரு மணி நேரம் போட்டு வைங்க. புறங்கையை 7 விநாடி வைக்க முடியலைன்னா வாங்காதீங்க.

14/ ஏற்கெனவே விரிச்சவங்களுக்கு:
• மலத்தை உடனே அள்ளணும். மூத்திரத்தை அன்னிக்கே தண்ணி விட்டு அலசணும்.
• வாரம் ஒரு தடவை தூக்கி, அடித்தரையையும் கழுவிக் காய வைங்க. நாத்தம் போகலைன்னா செல்லப்பிராணிக் கடையில கிடைக்கிற என்சைம் கிளீனர் போடுங்க.
• பிளீச்சிங் பவுடர், ஆசிட், பினாயில் மூணும் கூடவே கூடாது. பிளீச்சிங் மூத்திரத்தோட சேர்ந்தாலே நெஞ்சை எரிக்கும் வாயு வரும். பினாயில் நாய்க்கும் ஆகாது, பூனைக்கு அதைவிட மோசம். காலை நக்குறப்போ நேரா வயித்துக்குள்ள போகும்.
• பகல் 11-லேருந்து 4 வரைக்கும் நாயை அதுல விடாதீங்க.

15/ யாராவது அந்த வாயுவைச் சுவாசிச்சுட்டா உடனே அங்கேருந்து விலகி நல்ல காத்துக்கு வாங்க. துணியை மாத்துங்க, கண்ணை ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. மூச்சு திணறினா 108. நாய் விடாம இரைச்சுத் தள்ளாடினா நிழலுக்கு இழுத்து, சாதாத் தண்ணி ஊத்தி, கால்நடை மருத்துவர்கிட்ட ஓடுங்க. நான் மனுஷங்களுக்கான டாக்டர், அதுக்கு மேல அவங்கதான் சொல்லணும்.

16/ என் யோசனை கேட்டா, அந்தப் புல்லுக்குச் செலவு பண்ற காசுல சிமென்ட்டைக் கொஞ்சம் உடைங்க. பத்துக்குப் பத்து மண் போதும். ஓரமா ஒரு புங்கங்கன்னு வைங்க. அது வளர்ற வரைக்கும் ஒரு கீத்துக் கொட்டகை. மழைத்தண்ணியும் உள்ள இறங்கும்.

17/ அந்த அம்மா போன வாரம் பிரஷர் மாத்திரைக்கு வந்தாங்க. புல்லைப் பேத்து எடுத்தாச்சாம். "ரெண்டு தட்டு மண்ணு கொட்டினேன் தம்பி. கொட்டி முடிக்கல, அது தோண்டிப் படுத்துக்குச்சு."