தண்டனை முடிந்தது, பெயர் மட்டும் போகவில்லை!

புதுவை நேரு வீதியில் மத்திய சிறை இருந்த இடத்தை இன்றும் "பழைய ஜெயில்" என்றுதான் சொல்கிறார்கள். கைதிகளைக் காலாப்பட்டுக்குக் கொண்டு போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஜெயில் போய்விட்டது. பெயர் போகவில்லை.

இடத்துக்கே இந்தக் கதி என்றால், மனிதனுக்கு?

காலாப்பட்டு சிறையில் தண்டனை முடிந்த ஒருவர் வெளியே வருகிறார். பஸ் ஏறி ஊருக்குள் வருகிறார். கோர்ட்டு கொடுத்த தண்டனையில் ஒரு நாள்கூடப் பாக்கி இல்லை. ஆனால் வேலை கேட்டுக் கடை வாசலில் நின்றால் முதல் கேள்வி, "இத்தனை நாளா எங்கேப்பா இருந்தே?" என்பதுதான்.

உண்மையைச் சொன்னால் வேலை இல்லை. பொய் சொன்னால், தெரிய வரும் நாளில் வேலை போய்விடும்.

உள்ளே படும் பாடு

சிறைக்குள் கஷ்டம் என்பது அடைப்பும் சாப்பாடும் மட்டும் அல்ல. புதுவை மாநிலத்துக்கு மத்திய சிறை ஒன்றே ஒன்று. மாகி இருப்பது கேரளக் கரையில். ஏனாம் இருப்பது ஆந்திராவுக்குள். அந்த ஊர்க்காரர் காலாப்பட்டில் அடைபட்டால், மனைவி வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போவதற்கே பல நாள் கூலி கரைந்துவிடும்.

அபராதம் இன்னொரு தொல்லை. கட்ட முடியாதவர் கூடுதல் காலம் உள்ளே இருக்க வேண்டும். இதற்காக 2023-ம் ஆண்டில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. வழியில்லாத தண்டனைக் கைதிக்காக 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதத்தை அரசே கட்டலாம். ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கும் உதவலாம்.

தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடப்படாதவர்கள் நாட்டில் உண்டு. வேறு வழக்கு இல்லை என்றால் அப்படிப்பட்டவர்களை உடனே விடுதலை செய்யும்படி 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

தொழில் தெரியும், வேலை?

கைதியின் வேலைக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1998-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதில் ஒரு பங்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குப் போக வேண்டும் என்றும் சொன்னது.

காலாப்பட்டு சிறையில் கைதிகள் இயற்கை விவசாயம் செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கைதிகள் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறார்கள். புழலில் பெண் கைதிகளுக்கென்றே 2023-ம் ஆண்டு ஒரு பங்க் திறக்கப்பட்டது.

ஆக, தொழில் கைக்கு வருகிறது. வெளியே வந்த பிறகு அந்தக் கைக்கு வேலை கொடுப்பது யார்?

வ.உ.சி.க்கே அந்த நிலை!

கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி., 1912-ம் ஆண்டு டிசம்பரில் விடுதலையானார். வெளியே வந்தபோது அவருடைய வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்தும் பிழைப்பு நடக்கவில்லை. வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.

நாட்டுக்காகச் சிறை சென்றவருக்கே அந்தப் பாடு. பசிக்குத் திருடியவனை யார் கண்டுகொள்வார்கள்?

எம்.எல்.ஏ. ஆகலாம்

சட்டத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. இரண்டு ஆண்டு, அதற்கு மேல் தண்டனை பெற்றவர் விடுதலையாகி 6 ஆண்டு வரை தேர்தலில் நிற்க முடியாது. அதன் பிறகு நிற்கலாம். பாஸ்போர்ட்டு சட்டத்திலும், தண்டனையைக் காரணம் காட்டி மறுப்பதற்கு 5 ஆண்டு என்று கணக்கு இருக்கிறது.

ஆனால் வாட்ச்மேன் வேலைக்குப் போனால் போலீஸ் சரிபார்ப்பு. பழைய வழக்கு எத்தனை ஆண்டு கழித்தும் தலைகாட்டும். எம்.எல்.ஏ. பதவிக்கு உண்டு கெடு. வாசல் காக்கும் வேலைக்கு இல்லை!

பிரான்ஸ் செய்தது

புதுவையை ஆண்ட பிரான்சும் ஒரு காலத்தில் கொடுமை செய்த நாடுதான். 1854-ம் ஆண்டு சட்டப்படி, கடல் கடந்து அனுப்பப்பட்ட கைதி தண்டனை முடிந்த பிறகும் அதே அளவு காலம் அங்கேயே கிடக்க வேண்டும். தண்டனை 8 ஆண்டோ அதற்கு மேலோ என்றால், ஆயுள் முழுவதும் ஊர் திரும்ப முடியாது.

அதே நாட்டில் இன்று, ஓராண்டுக்கு மேற்படாத சிறைத் தண்டனையை ஒரே ஒருமுறை அனுபவித்தவர் 5 ஆண்டு மறுபடி தண்டனை வாங்காமல் இருந்தால், சட்டத்தின் கண்ணில் பழைய கறை தானாகவே நீங்கிவிடும். பிரிட்டனும் 1974-ம் ஆண்டில் இதற்கென்று சட்டம் போட்டது.

இந்தியாவில் சிறார்களுக்கு 2015-ம் ஆண்டு சட்டத்தில் அந்தச் சலுகை உண்டு. சில கொடுங்குற்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. சிறை சென்று திரும்பிய பெரியவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை.

கடைக்காரர் பயம்

"பறிகொடுத்தவன் கதி என்ன? கல்லாப் பெட்டியை நம்பி எப்படிக் கொடுப்பது?" என்று கடைக்காரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குழந்தைகளிடம் கொடுமை செய்தவனைப் பள்ளிக்கூட வேலைக்கு வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட குற்றங்களுக்கு மேலைநாட்டுச் சட்டங்களிலும் தனிக் கட்டுப்பாடு உண்டு.

ஆனால் சில்லறைத் திருட்டுக்கும் ஒருநாள் அடிதடிக்கும் ஆயுள் முழுக்கக் கதவை அடைத்தால், அவன் எந்தக் கதவைத் தட்டுவான்? பழைய கூட்டாளியின் கதவைத்தான். அப்போது மறுபடி பறிகொடுக்கப் போவதும் இதே ஊர்தான்.

தண்டனைக்கு நாள் குறிப்பது கோர்ட்டு. அந்த நாள் முடிந்த பிறகும் தண்டனை தொடர்ந்தால், அதைக் கொடுப்பது யார் என்று ஊர்தான் யோசிக்க வேண்டும்.