முடிச்சும் மோட்டாரும்

கொடைரோடு இரயில் நிலையத்தருகே திராட்சைப் பெட்டிகள் ஏற்றிய சிறு சரக்கு வண்டியொன்றைக் கண்டோம். தூறல் நின்றதும் ஓட்டுநர் ஒரே இழுப்பில் கயிற்று முடிச்சை அவிழ்த்துத் தார்ப்பாயைச் சுருட்டினார். (ஆங்கிலத் ‘தார்ப்பாலின்’ நம் நாவில் ‘பாய்’ ஆன அழகை வகுப்பில் சொல்லி மகிழ்வதுண்டு.)

அமெரிக்காவில் 2021-இல் வெளிவந்த ரிவியன் ஆர்1டி என்னும் மின் வண்டியில் இதே வேலையை ஒரு மோட்டார் செய்தது. பட்டை பட்டையான மூடி இருபுறத் தடங்களில் வழுக்கி உள்ளொடுங்கும். பலருக்கு அது பாதியில் சிக்கிக்கொண்டது. 2022-இல் நிறுவனமே அம்மூடியை வழங்குவதை நிறுத்தி மறுவடிவமைப்பில் இறங்கிற்று.

இத்தகைய மூடி சிக்கினால் உரிமையாளர் செய்யத்தக்கவை சிலவே. உள்ளிருக்கும் சரக்கு மூடியை முட்டுகிறதா எனப் பார்க்கலாம். தடங்களிலுள்ள மணலைத் துடைக்கலாம். சற்றுப் பொறுத்துப் பொத்தானை மீண்டும் அழுத்தலாம். நெம்பலாகாது; பட்டைகள் தடம் விலகிவிடும். அதற்குமேல் பணிமனைதான். அதுவரை உள்ளே திராட்சை வெந்துகொண்டிருக்கும்!

தார்ப்பாய் கிழியும், ஒழுகும், கட்ட நேரமாகும், மறுக்கவில்லை. மோட்டாரை வேண்டாமென்றும் நாம் சொல்லவில்லை. மோட்டார் நின்றால் கையால் திறக்க வழி வைக்காத மூடியை அரைகுறை வேலை என்றே கொள்கிறோம். டாட்டா ஏஸ் வண்டியின் மின் வடிவமும் 2022-இல் வந்துவிட்டது. நாளை அவற்றிற்கு மூடி செய்ய முனைவோர், இப்பக்கத்துச் செம்மண் புழுதியில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு விற்கட்டும்.