மல்லிகைக்கு யார் சான்றிதழ் தர வேண்டும்?

படிவம் ஒன்றில் சேர்ந்த முதல் வாரம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் எண்ணெய் தேய்த்துப் பின்னிய சடையோடும், வெள்ளிக்கிழமைகளில் மல்லிகைச் சரத்தோடும் போய்ப் பழகியவள் நான். அதே பழக்கத்தில் இடைநிலைப்பள்ளிக்கும் போனேன். பக்கத்தில் இருந்த மாணவி மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். "கோயில் வாடை" என்று பின்னால் யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று மாலை, "இனிமே எனக்குப் பூ வேணாம்மா" என்றேன். அம்மா காரணம் கேட்கவில்லை.

சென்ற தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புட்டி இருந்தது. "நான் வேலை பார்த்த வீட்டு அம்மா கொடுத்தது. பத்திரமா புடி, வெல கூட" என்றார் அத்தை. கல்யாணங்களுக்கு மட்டும் ஒரு சொட்டு வீதம், முப்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறார். புட்டியின் மேல் 'சம்சாரா' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீடுகளில் சம்சாரம் என்றால் மனைவி. வடமொழியில் அதற்குப் பிறவிச் சுழற்சி என்று பொருள்; அதைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள்.

மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவினேன். முதலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற ஒரு கூர்மை. சில நிமிடங்களில் அது அடங்கி, மல்லிகை எழுந்தது. அதோடு மலாய்க்காரர்கள் கெனாங்கா என்று சொல்லும் பூவின் மணமும் சேர்ந்துகொண்டது. மாலையில் வீடு திரும்பும்போது சந்தனமும் வெனிலாவின் இனிப்பும்தான் கையில் மிஞ்சியிருந்தன. நான் பத்தாண்டுகளாக ஒதுக்கி வைத்த அதே 'கோயில் வாடை'!

இதை உருவாக்கியவர் ழான் போல் கெர்லான். பாரிசின் கெர்லான் நிறுவனம் 1989-இல் வெளியிட்டது. இவ்வகை வாசனைத் திரவியங்களை முன்பு 'புளோரல் ஓரியண்டல்' என்றார்கள். கீழை நாடுகளை ஒட்டுமொத்தமாக ஒரு மணமாகச் சுருக்கும் அந்தச் சொல் பொருத்தமற்றது என்ற குரல் எழவே, இத்துறையின் புகழ்பெற்ற வகைப்பாட்டாளரான மைக்கேல் எட்வர்ட்ஸ் 2021-இல் அதை 'அம்பர்' என மாற்றினார். இந்த அம்பர், நகையில் பதிக்கும் கல் அன்று. வெனிலா, லாப்டனம் என்னும் செடியின் பிசின், சாம்பிராணி போன்றவை சேர்ந்து தரும் சூடான இனிப்பு மணத்துக்கு அது பெயர். சாம்பிராணியோ நமக்கு அண்டை மண்ணான சுமத்ராவில் விளைவது. மல்லிகைச் சாறு தமிழ்நாட்டிலிருந்தும் பிரான்சுக்குப் போகிறது. ஒரு கிலோ சாற்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ பூ தேவைப்படுகிறது.

இதைச் சொன்னதும் பேரவை நண்பர்கள் சிலர், "பார்த்தாயா, எல்லாம் நம்முடையதுதான்!" என்று மார்தட்டினார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பூ நம்முடையதாக இருக்கலாம். எந்த மணத்துக்கு அடுத்து எது எழ வேண்டும் என்று கணக்கிட்ட திறமை அவர்களுடையது. அதை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை. பாரிஸ் பாராட்டிய பிறகுதான் நமக்கு மல்லிகை மணக்கிறது என்றால், அதுதான் இழிவு. வகுப்பு சிரித்தபோது பூவை எறிந்தேன். வெள்ளைக்காரன் புட்டியில் அடைத்துக் கொடுத்தபோது முகர்ந்து வியந்தேன். இரண்டு முறையும் என் மூக்கை நான் நம்பவில்லை. மொழி விஷயத்திலும் நாம் இப்படித்தானே நடந்துகொள்கிறோம்?

பெருமை பேசுவதோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்குச் சந்தனமே சாட்சி. நம் சந்தன மரம் அளவுக்கு மீறி வெட்டப்பட்டு, அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இன்றோ ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் அதே இந்தியச் சந்தனத்தைத் தோட்டம் தோட்டமாக வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். நாம் சந்தனத்தைப் பாடிக்கொண்டிருந்தோம், அவர்கள் நட்டார்கள். நம்மில் வேதியியலும் தாவரவியலும் வேளாண்மையும் படிப்பவர்கள் எத்தனையோ பேர். பூக்கட்டும் கைகளை அறிந்த நமக்கு, அந்தப் பூவுக்குள் இருக்கும் அறிவியலும் தெரிந்தால் என்ன?

பெரிய மாற்றத்தை நான் கேட்கவில்லை. விரிவுரைக்கு மல்லிகை வைத்துக்கொண்டு வரும் தங்கையைப் பார்த்து நாமே சிரிக்காமல் இருப்போம். முதலில் அது போதும். போன வெள்ளிக்கிழமை விடுதிக்குக் கிளம்பும்போது, "அம்மா, பூ இருக்கா?" என்று கேட்டேன். இம்முறையும் அம்மா காரணம் கேட்கவில்லை. இரண்டு முழம் வெட்டிக் கொடுத்தார்.