இடித்துரைக்கும் எச்சரிக்கை

டென்னிஸ் ரிட்சி 1972ஆம் ஆண்டளவில் ஆக்கிய சி என்னும் கணினி மொழியில், பேழைக்குள் பேழையாக எண்களை அடுக்கலாம். மாணவர் இருவர்க்கு மும்மூன்று மதிப்பெண்கள் பதிய இடமுண்டெனக் கொள்வோம். ஒருவன் இரு தேர்வே எழுதி 60, 70 பெற்றான். மற்றவன் 80, 90, 50 பெற்றான். அவரவர் எண்களைத் தனித்தனி அடைப்புக்குறிக்குள் இடாது ஐந்தையும் தொடர்ந்து எழுதின், 80 முன்னவனைச் சேரும். பின்னவன் 90, 50, 0 பெறுவான்.

இலக்கணம் பிறழ்ந்தால், நிரலை இயந்திர மொழியில் பெயர்க்கும் தொகுப்பி, பிழையெனக் கூறித் தடுத்துவிடும். இங்கோ இலக்கணம் பிறழவில்லை. ஆதலின், உள்ளடைப்பு இல்லையென எச்சரிக்கக்கூடும்; ஆயினும் வழிவிடும். தடுக்கப்பட்ட பிழை எவரையும் வருத்தாது. புறக்கணிக்கப்பட்ட எச்சரிக்கையோ உழைத்தவன் மதிப்பெண்ணைப் பறிக்கும். நண்பன் இடித்துரைக்குங்கால் செவிசாய்ப்பதே அறிவுடைமை. எச்சரிக்கையையும் பிழையாகவே கொண்டு திருத்துதல் நிரல் எழுதுவோர் கடன்.