தோல் ஒட்டியாச்சு... அப்புறம்?

தீக்காயத்துக்குத் தோல் ஒட்டும் ஆபரேஷன் முடிந்து ஒருவர் வீடு திரும்பினால், சொந்தக்காரர்கள் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "அப்பாடா, பெரிய கண்டம் தாண்டியாச்சு!" உண்மையில் தாண்டியது பாதிக் கண்டம்தான். ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அடுத்த வாரமே அந்த இடம் சுருங்க ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் வரும் மாதங்களைக் கவனிக்காமல் விட்டால் நீட்ட முடியாத விரல், நிமிராத கழுத்து, தோளுக்கு மேல் தூக்க முடியாத கை என்று வந்து நிற்கும். ஆபரேஷன் வெற்றிதான். ஆனால் தையல் மெஷினை நம்பிப் பிழைத்தவரால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது.

இந்த மாதங்களைச் சிகிச்சையின் பகுதியாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குடும்பமும் எடுப்பதில்லை, காப்பீடும் எடுப்பதில்லை. இது மாற வேண்டும். ஏன் என்று புரிய, தோலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒட்டு எப்படிப் பிடிக்கிறது?

தோல் ஒட்டில் இரண்டு வகை முக்கியம். தொடையிலிருந்து மேல்தோலையும் அதன் கீழ் உள்ள டெர்மிஸ் அடுக்கில் கொஞ்சத்தையும் மெல்லிசாகச் சீவி எடுப்பது ஒன்று. மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவான தடிமன்தான் இருக்கும். எடுத்த இடம் இரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். அதனால் பெரிய காயங்களுக்கு இதுதான் வழி. இன்னொன்று, டெர்மிஸ் முழுவதையும் சேர்த்து எடுப்பது. எடுத்த இடத்தை இழுத்துத் தைத்தாக வேண்டும் என்பதால், காதுக்குப் பின்னால், தொடை இடுக்கு போன்ற இடங்களிலிருந்து சின்னத் துண்டுகள்தான் கிடைக்கும்.

வெட்டி எடுத்த தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள் காயத்திலிருந்து கசியும் நீரை உறிஞ்சியே அது உயிர் வாழ்கிறது. பிறகு அதன் அறுந்த ரத்தக் குழாய்களின் வாய்களும் காயத்தின் குழாய் வாய்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. புதுக் குழாய்களும் முளைக்கின்றன. ஐந்து முதல் ஏழு நாளில் ரத்தம் ஓட, தோல் இளஞ்சிவப்பாகிறது. அதற்குள் அடியில் ரத்தம் கட்டினாலோ, கிருமி புகுந்தாலோ, கட்டு நகர்ந்து தோல் வழுக்கினாலோ ஒட்டு போச்சு. அதனால்தான் அந்த வாரம் கையை அசைக்கவே விடமாட்டார்கள்.

சுருக்கத்திலும் இரண்டு வகை

இனி வருவதுதான் வேடிக்கை. வெட்டி எடுத்த நிமிடமே தோல் ரப்பர் மாதிரி சுருங்கும். டெர்மிஸில் உள்ள எலாஸ்டின் இழைகள்தான் காரணம். டெர்மிஸ் அதிகம் இருப்பதால் முழுத் தடிமன் தோல் இதில் அதிகமாகச் சுருங்கும், சுமார் 40 சதவீதம். மெல்லிய தோல் சுமார் 10 சதவீதம்தான். இது பெரிய பிரச்சினை இல்லை. டாக்டர் அங்கேயே இழுத்து வைத்துத் தைத்துவிடுவார்.

இரண்டாவது சுருக்கம்தான் வில்லன். சுமார் பத்தாம் நாள் தொடங்கி ஆறு மாதம் வரை நடக்கும். இங்கே கணக்கு அப்படியே தலைகீழ்: மெல்லிய தோல்தான் அதிகம் சுருங்கும், முழுத் தடிமன் தோல் மிகக் குறைவாகவே சுருங்கும். காரணம், இந்த முறை இழுப்பது ஒட்டிய தோல் அல்ல, அடியில் இருக்கும் காயம். காயத்தை மூட உடம்பு மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்களை அனுப்புகிறது. பாதி நார்த்திசு செல், பாதி தசை செல் மாதிரி நடந்துகொள்ளும் இவற்றை கப்பியானி குழுவினர் 1971ல் அடையாளம் காட்டினார்கள். இவை காயத்தின் ஓரங்களைப் பிடித்து உள்ளே இழுக்கும். மேலே டெர்மிஸ் முழுசாக இருந்தால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். மெல்லிய தோல் மட்டும் இருந்தால் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆக, அதிகம் வெந்தவருக்கு மெல்லிய தோல்தான் ஒட்ட முடியும். அதிகம் சுருங்குவதும் அதுதான். அவருக்குத்தான் பின்கவனிப்பும் அதிகம் தேவை.

பின்கவனிப்பு என்றால் என்ன?

தீக்காயப் பிரிவுகளில் ஒரு பாடம் உண்டு: நோயாளிக்குச் சுகமாக இருக்கும் நிலைதான் சுருக்கத்தைக் கொண்டுவரும் நிலை. கழுத்தில் ஒட்டு போட்டவருக்குத் தலையணை வைத்தால் சுகம். ஆனால் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அக்குளில் ஒட்டு போட்டவர் கையை விலாவோடு அணைத்து வைத்தால் சுகம். பிறகு கை மேலே எழாது. அதனால் முழங்கை நீட்டியபடி, தோள் விரித்தபடி, கழுத்து பின்னால் சாய்ந்தபடி ஸ்பிளின்ட் கட்டி வைக்கிறார்கள்.

ஒட்டு உறுதியானதும் தினமும் பிசியோதெரபி. உடம்போடு இறுக்கமாகத் தைத்த பிரஷர் கார்மென்ட் தினமும் 23 மணி நேரம், மாதக்கணக்கில். குளிக்க மட்டும் கழற்றலாம். எலாஸ்டிக் தளர்ந்துவிடும் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை புதிது வேண்டும், துவைத்து மாற்ற இரண்டு செட் வேண்டும். ஒட்டிய தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் சரியாக வேலை செய்யாது. அதனால் தினமும் எண்ணெயோ கிரீமோ தடவித் தேய்க்க வேண்டும், வெயில் படாமல் பார்க்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு இன்னும் கஷ்டம். உடம்பு வளரும் வேகத்துக்கு ஒட்டிய தோல் வளராது. அதனால் வளர வளர மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் நடுத்தர அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2018ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பின் அது கணக்கில் எடுக்கும் செலவு 15 நாளுக்குத்தான். 2020ல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் 60 நாள். தோல் சுருங்குவதோ ஆறு மாதம்! 15 நாள் என்பது பெரும்பாலான ஜுரத்துக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும் போதும். தோல் ஒட்டுக்குப் போதாது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. லட்ச ரூபாய்க்கு மெஷின் வாங்கிவிட்டு எண்ணெய் போடப் பணம் ஒதுக்காத கம்பெனியை எந்த ஆடிட்டரும் மெச்சமாட்டார். இங்கே எண்ணெய்க்குப் பணம் தராமல் விட்டால், இறுகிய தோலை வெட்டி விடுவிக்கும் இன்னொரு ஆபரேஷனுக்கு அதே அரசுதான் பிறகு பணம் கட்ட வேண்டியிருக்கும். கை முடங்கியவரின் கூலி எந்தப் பேரேட்டிலும் ஏறாத நஷ்டம்.

"உடற்பயிற்சி செய்யாமல் விட்டது நோயாளியின் தப்பு" என்று சொல்வது சுலபம். வாரம் இரண்டு முறை மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறினால் இரண்டு நாள் கூலி போகும். பட்டாசு ஆலையில் கை வெந்தவர், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பார்? பின்கவனிப்பு எல்லாம் இருந்தும் சிலருக்குத் தோல் சுருங்கத்தான் செய்யும் என்பதும் உண்மை. ஆனால் அது முயற்சியே வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது.

வழி இல்லாமல் இல்லை. காசநோய்க்கும் ஆறு மாத சிகிச்சைதான். பாதியில் விடக்கூடாது என்பதால் 2018 முதல் அரசே நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டது, 2024 நவம்பரில் அதை 1000 ஆக்கியது. அதே யோசனையைத் தோல் ஒட்டுக்கும் கொண்டுவரலாம். காப்பீட்டில் தோல் ஒட்டுக்கு மட்டும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய காலத்தை ஒரு வருடமாக்கலாம். ஸ்பிளின்ட், பிரஷர் கார்மென்ட், பிசியோதெரபி, பஸ் காசு எல்லாம் அதில் அடங்க வேண்டும். தாலுகா மருத்துவமனையிலேயே பயிற்சி தந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

குடும்பங்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று மாத்திரைச் சீட்டோடு மூன்று கேள்விக்கும் பதில் வாங்கி வர வேண்டும்: எந்த நிலையில் படுக்க வேண்டும், என்ன பயிற்சி, எத்தனை மாதம்? பிறகு யாராவது ஒருவர் தினமும் அந்தக் கையைப் பிடித்து நீட்ட வேண்டும். வலிக்கிறது என்று அழுதால் பாவம் பார்த்து விட்டுவிடக் கூடாது. டாக்டர் வெட்டி ஒட்டியது ஒரு நாள் வேலை. அந்தக் கை மறுபடி சோறு பிசையுமா, பேனா பிடிக்குமா என்பது அந்த ஆறு மாதத்தில்தான் முடிவாகிறது.