வால்வா டிரான்சிஸ்டரா? கேள்வியே தப்பு!

ஹை எண்ட் ஆடியோ ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் பத்து நிமிஷம் பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். பதினோராவது நிமிஷம் வால்வா டிரான்சிஸ்டரா என்று சண்டை ஆரம்பமாகிவிடும். வால்வு கட்சிக்காரர்களின் வாதம் எப்போதும் ஒன்றுதான். "டிரான்சிஸ்டர்ல சத்தம் வரும், சங்கீதம் வராது. வால்வுலதான் அந்த வார்ம் சவுண்டு இருக்கு."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கில் காசு கேட்கும் ஒரு பெட்டிக்கு இந்த ஒரு வரி போதுமா?

ஆம்ப்ளிஃபயரின் வேலை என்ன? சிடி பிளேயரோ ரெக்கார்டு பிளேயரோ கொடுக்கும் சின்ன சிக்னலை, வடிவம் மாறாமல் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பது. அவ்வளவுதான். தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். நடுவில் பிரித்து, இனிப்பாக இரண்டு வரி சேர்த்து எழுதுவது அவர் வேலை இல்லை.

வால்வு கட்சியின் புகாரில் ஒரு காலத்தில் உண்மை இருந்தது. 1960-களில் வந்த பல டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் மோசம். சிக்னல் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு மாறும் இடத்தில் சொதப்பும். அதனால் வரும் டிஸ்டார்ஷன் காதைக் குத்தும். ஆனால் அந்தக் கோளாறு தீர்ந்து பல வருஷம் ஆகிறது. புகார் மட்டும் இன்னும் சாகவில்லை.

1978-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மோயர் என்ற ஒலியியல் நிபுணர் ஒரு சோதனை நடத்தினார். க்வாட் கம்பெனியின் மூன்று ஆம்ப்கள்: 1953-ல் வந்த க்வாட் 2 (வால்வு), 1967-ல் வந்த 303, 1975-ல் வந்த 405 (இரண்டும் டிரான்சிஸ்டர்). எது ஓடுகிறது என்று சொல்லாமல், சத்த அளவைச் சமமாக வைத்து, பழகிய காதுக்காரர்களைக் கேட்க வைத்தார். அவர்களால் நம்பிச் சொல்லும்படி வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அமெரிக்காவில் 1985-ல் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். பாப் கார்வர் என்ற எஞ்சினியர், 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த வால்வு ஆம்பின் ஒலியை, தன்னுடைய டிரான்சிஸ்டர் ஆம்பில் அப்படியே கொண்டுவருவதாகச் சவால் விட்டார். சில நாட்களில் செய்தும் காட்டினார். அந்தப் பத்திரிகைக்காரர்களாலேயே இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆக விஷயம் இதுதான். ஒழுங்காகச் செய்த வால்வு ஆம்ப், ஒழுங்காகச் செய்த டிரான்சிஸ்டர் ஆம்ப் மாதிரியேதான் ஒலிக்கும். வேறு மாதிரி ஒலித்தால் அது சிக்னலில் எதையோ கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

என்ன கூட்டுகிறது? வால்வு பக்தர்களின் செல்லப்பிள்ளையான 300பி சிங்கிள் எண்டட் ஆம்பை எடுத்துக்கொள்வோம். ஒரு சேனலுக்குக் கிடைப்பது சுமார் 8 வாட்தான். சத்தத்தைக் கூட்டினால் டிஸ்டார்ஷன் சில சதவீதத்தைத் தொடும். அதில் பெரும்பங்கு இரண்டாவது ஹார்மோனிக், அதாவது அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே. காதுக்கு உறுத்தாது. அதுதான் அந்த 'வார்ம்'. போதாததற்கு அவுட்புட் இம்பீடன்ஸும் அதிகம், சில ஓம் வரை போகும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்கும் இடமெல்லாம் ஒலியும் ஏறி இறங்கும். யாரும் கேட்காமலேயே ஒரு டோன் கண்ட்ரோல்! டிரான்சிஸ்டர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஓரிரு ஓம் பவர் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் இந்த இரண்டாவது வித்தை பெருமளவு வந்துவிடும். செலவு சில பத்து ரூபாய்.

கிதார் ஆம்பில் வால்வு இருப்பது வேறு கதை. அங்கே டிஸ்டார்ஷனும் வாத்தியத்தின் ஒரு பகுதி, கலைஞர் வேண்டுமென்றே வாசிப்பது. வீட்டு ஆம்ப் வாத்தியம் இல்லை. முடிந்துபோன பாட்டில் மசாலா தூவ அதற்கு யார் அனுமதி கொடுத்தது?

இனி செலவுக் கணக்கு. பவர் வால்வின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் ஆச்சு. சில வருஷத்துக்கு ஒரு முறை புது செட் வாங்கியாக வேண்டும். வால்வு செய்யும் தொழிற்சாலைகளோ ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா என்று விரல் விட்டு எண்ணும் அளவுதான். 2022-ல் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியதும் உலகம் முழுக்க வால்வுக்குத் திண்டாட்டம். இது தவிர கரண்ட் பில், அறைக்குள் ஒரு சின்ன ஹீட்டர்.

டிரான்சிஸ்டர் பக்கம் யோக்கியம் என்று அர்த்தமில்லை. பத்து லட்சத்துக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப் விற்பவரும் அதே கதையைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார்.

மங்கலான வெளிச்சத்தில் மின்னும் வால்வைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்பது ஒரு சுகம். அதற்காக ஒருவர் வாங்கினால் தப்பே இல்லை. ஆனால் அதை அழகுக்காக வாங்கியது என்று சொல்லட்டும், "உண்மையான ஒலி" என்று சொல்ல வேண்டாம். இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பேச்சை நம்பி ஒன்றரை லட்சத்தை ஆம்பில் போட்டுவிட்டு, மிச்சக் காசில் ஸ்பீக்கர் தேடுகிறார். காதுக்குத் தெரியும் வித்தியாசம் ஸ்பீக்கரிலும், அது இருக்கும் அறையிலும்தான் இருக்கிறது. காசு போக வேண்டிய இடம் அதுதான்.