உலகப் பாட்டு உதவாத பாட்டா?

பாட்டிலும் சாதி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டவரைப் பாடினால் அது மேல் சாதி. காதல், வசந்தம், பிரிவு, பைத்தியம் என்று இந்த மண்ணுலகத்தைப் பாடினால் அது கீழ் சாதி. முன்னதற்குக் கோவிலுக்குள் இடம். பின்னதற்கு வாசலுக்கு வெளியேதான் இடம். கன்னியர் நடத்தும் பள்ளியில் பெண்பிள்ளைகள் ஞானப் பாடல்களைப் பாடினால் போதாதா, ஆங்கிலேயருடைய பழைய காதல் பாட்டுக்கள் எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றிய உலகப் பாடல்களையும் அவற்றுக்கு இசை அமைத்தவர்களையும் பற்றிப் படித்தபின், 'போதாது' என்று பதில் சொல்லவே எனக்குத் தோன்றுகிறது. காரணங்களைக் கூறுகிறேன், அருட்சகோதரிகள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

முதலில், இந்தப் பாட்டுக்களை ஆக்கியவர்கள் யார்? குடித்துத் திரிந்த நாடோடிகள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களில் தலைசிறந்தவர்கள் கோவில் ஊழியர்கள்! உள்நாட்டுப் போரின் காரணமாக 1642-ல் இங்கிலாந்தின் நாடக அரங்குகள் மூடப்பட்டன. 1644-ல் கோவில்களில் ஆர்கன் கருவியும் கூடாது என்று பாராளுமன்றம் ஆணையிட்டது. 1660-ல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும் இரண்டும் ஒருசேர உயிர் பெற்றன. அரண்மனைக் கோவிலின் பாடற்குழுவுக்குச் சிறுவர்களைத் தேடிச் சேர்த்துப் பயிற்றும் பொறுப்பு காப்டன் ஹென்றி குக் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பயிற்றிய சிறுவர்களே பெல்ஹாம் ஹம்ஃப்ரி, ஜான் ப்ளோ முதலியோர். சற்றுப் பின்னால் அதே குழுவில் வந்து நின்ற சிறுவன்தான் ஹென்றி பர்ஸல். 1659-ல் பிறந்த பர்ஸலுக்கு 1673-ல் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தது. 1679-ல், இருபது வயதில், வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயக் கோவிலின் ஆர்கன் வாசிப்பவர் ஆகிவிட்டார். அந்த ஆசனத்தை விட்டு எழுந்து அவருக்கு இடம் கொடுத்தவர் ஜான் ப்ளோ.

ஞாயிறு வழிபாட்டுக்குச் சங்கீதங்களை அமைத்த அதே கைதான் நாடக அரங்குக்கும் பாட்டு அமைத்தது. ஒரே மேசை, ஒரே மைக்கூடு. இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்ப அவர்களுக்கே தோன்றாதபோது, நாம் ஏன் எழுப்ப வேண்டும்?

ஆயினும் என் முக்கியமான காரணம் இது அன்று. அந்தக் கோவில் பாடற்குழுக்களில் ஒரு பெண்கூட இல்லை என்பதே என் காரணம். மேல் குரலைச் சிறுவர்கள் பாடினார்கள். கீழ்க் குரல்களை ஆண்கள் பாடினார்கள். சபையாரோடு சேர்ந்து சங்கீதம் பாடப் பெண்ணுக்குத் தடையில்லை, பாடற்குழுவில்தான் இடமில்லை. முன்பு கன்னியர் மடங்களிலாவது பெண்கள் கட்டளைச் செபத்தைப் பாடிவந்தார்கள். எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை அந்த மடங்களையும் மூடிவிட்டான். துறவறம் பூண விரும்பிய ஆங்கிலப் பெண்கள் அதன்பின் கடல் கடந்து ஃப்ளாண்டர்ஸ், பிரான்சு ஆகிய நாடுகளுக்குப் போனார்கள். ஆங்கிலச் சபையாரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நம் திருச்சபையிலும் 1903-ல் பத்தாம் பத்திநாதர் வழிபாட்டுப் பாடற்குழுவில் பெண்கள் சேரலாகாது என்று எழுதினார். அந்த விதி பின்னர் தளர்ந்தது.

ஆகவே அன்றைய இங்கிலாந்தில் குரல் வளம் வாய்ந்த ஒரு பெண் என்ன செய்வாள்? அவளுக்குத் திறந்திருந்த கதவு உலகப் பாட்டு ஒன்றே. வீட்டுக் கூடத்தில் பாடலாம். 1660-க்குப்பின் மேடையிலும் பாடலாம். அதற்கு முன் மேடையில் பெண் வேடத்தையும் பையன்களே போட்டு வந்தார்கள். இங்கிலாந்தில் முதன்முதலாகத் தன் இசை அச்சேறிய பெண் என்று கூறப்படும் மேரி டெரிங் சீமாட்டியின் மூன்று பாட்டுக்கள், அவருடைய ஆசிரியர் ஹென்றி லாஸ் 1655-ல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கின்றன. மூன்றும் உலகப் பாட்டுக்கள்தாம். கோவிலுக்கென்று அவர் எழுதியிருந்தால் யார் வாங்கிப் பாடியிருப்பார்கள்?

இனி நான் சொல்லப்போவது நம்மைப் போன்ற மாணவியரைப் பற்றியது. லண்டனை அடுத்த செல்சீயில் ஜோசியாஸ் ப்ரீஸ்ட் என்ற நடன ஆசிரியர் பெண்களுக்கான விடுதிப் பள்ளி ஒன்றை நடத்திவந்தார். (ப்ரீஸ்ட் என்பது அவர் பெயர் மட்டுமே, குருவானவர் அல்லர்.) ஜான் ப்ளோ அமைத்த 'வீனஸும் அடோனிஸும்' என்ற இசை நாடகம் முதலில் அரசவையில் நடந்தது. அதில் க்யூபிடாகப் பாடியவள் மன்னரின் மகள், பத்து வயதை ஒட்டிய சிறுமி. க்யூபிட் தன் சின்னஞ்சிறு சீடர்களுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுக்கும் காட்சி ஒன்று அதில் உண்டு. எழுத்துக்கூட்டும் பாடத்தையே பாட்டாக்கிவிட்டார் ப்ளோ! 1684 ஏப்ரலில் அந்த நாடகத்தைச் செல்சீ பள்ளி மாணவியர் நடித்தார்கள். அடோனிஸ் என்ற வீரனாக வந்தது ஆசிரியர் ப்ரீஸ்டின் மகள்.

அதே பள்ளியில், 1689-ஐ ஒட்டி, பர்ஸலின் 'டைடோவும் ஈனியாஸும்' அரங்கேறியது. இன்று உலகெங்கும் பெரிய அரங்குகளில் நடக்கும் இந்த நாடகம், பர்ஸல் உயிரோடிருந்த காலத்தில் நடந்ததற்கு உறுதியான சான்று உள்ள இடம் ஒரு பெண்கள் பள்ளிதான். முடிவுரைக் கவிதையைத் தாமஸ் டர்ஃபி எழுத, டோரதி பர்க் என்ற மாணவி சபை முன் வந்து சொன்னாள். தாங்களும் ஒருவகைக் கன்னியரே, ஆனால் ப்ராடஸ்டன்ட் கன்னியர் என்று ரோமாபுரியைச் சற்றே கேலி செய்யும் வரிகள் அதில் வருகின்றன. கேலியை மன்னித்துவிடலாம். கடலுக்கு அப்பால் இருந்த கன்னியரையும் அவர்களால் மறக்க முடியவில்லையே!

கார்த்தேஜ் நகரத்து அரசி டைடோ, காதலன் கைவிட்டுப் போனபின் இறக்குமுன் பாடும் புலம்பல்தான் அந்த நாடகத்தின் சிகரம். அதன் கட்டுமானம் எளியது. கீழே தாழ்ந்த சுரங்களாலான ஒரு சிறு வரிசை, படிப்படியாகக் கீழிறங்கிக்கொண்டே வருகிறது. முடிந்தவுடன் மறுபடி அதே வரிசை. பத்துத் தடவைக்கு மேல் இப்படியே வருகிறது. ஒரு சுரமும் மாறுவதில்லை. மேலே அரசியின் குரல் மட்டும் அந்த வரிசையோடு ஒத்து முடியாமல், அது முடியும்போது தொடங்கியும் அது தொடங்கும்போது நீண்டும் செல்கிறது. மாறாத விதி கீழே. அதோடு இணங்க முடியாத மனம் மேலே. இதைக் கேட்டு யார் மனமாவது கெட்டுப்போகுமா? பிறர் துன்பத்தைக் கண்டு கண் கலங்கக் கற்றுக்கொள்வதும் ஒரு படிப்புத்தானே.

அந்தப் படிப்பைப் பர்ஸல் எங்கே பயன்படுத்தினார் என்பதையும் கேளுங்கள். டைடோவுக்குச் சொற்களைத் தந்தவர் நேஹம் டேட் என்ற கவிஞர். அதே டேட் எழுத, அதே பர்ஸல் இசை அமைக்க, 1693-ல் 'ஹார்மோனியா சாக்ரா' என்ற பக்திப் பாடல் தொகுப்பில் வேறொரு புலம்பல் வெளிவந்தது. பாடுபவர் நம் தேவமாதா. பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் தாய் தேடும் நிகழ்ச்சி, செபமாலையில் நாம் தியானிக்கும் ஐந்தாம் சந்தோஷ தேவ இரகசியம்தான். மங்கள வார்த்தை சொன்ன கபிரியேல் தூதரைத் தாய் பெயர் சொல்லி அழைக்கிறாள். ஒரு முறை அல்ல, நான்கு முறை. பதில் இல்லை. பேச்சுப் போலத் தயங்கி நின்று, திடீரென்று வேகம் கொண்டு, மறுபடி தளர்ந்து விழும் அந்தப் பாட்டின் நடை நாடக மேடையில் பழகிய நடை. ஓர் அரசியை அழவைத்துப் பழகாத ஒருவரால் தேவதாயின் கண்ணீரை இப்படிப் பாட்டில் வடித்திருக்க முடியாது என்பது என் துணிபு. உலகப் பாட்டு இங்கே பக்திப் பாட்டுக்கு ஆசிரியை ஆகிவிட்டது.

உலகப் பாட்டு என்றால் காதல் ஒன்றுதான் என்பதும் சரியன்று. 1683-ல் அச்சான பர்ஸலின் பாட்டு ஒன்று, பெத்லம் மருத்துவமனையைச் சேர்ந்த பெஸ் என்ற மனநோய் கண்ட ஏழைப் பெண்ணைப் பற்றியது. அந்த மருத்துவமனை 1247-ல் பெத்லெகேம் மாதாவின் பெயரால் ஒரு துறவியர் இல்லமாகத் தொடங்கியது. பிற்காலத்தில் நோயாளிகளைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே மக்கள் அங்கே போனார்கள். பர்ஸலோ அவளுடைய சிரிப்பும் அழுகையும் மாறிமாறி வருவதற்கேற்பத் தாளத்தையும் நடையையும் மாற்றி, அவளை ஒரு மனுஷியாக நம் முன் நிறுத்துகிறார்.

எதிர்க்கட்சிக்கும் சொல்ல இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கிச் சுற்றிவரும் 'காட்ச்' என்ற பாட்டுவகை அப்போது மதுக்கடைகளில் பரவியிருந்தது. பர்ஸலும் ஐம்பதுக்கு மேல் எழுதினார். அவற்றுள் பலவற்றின் சொற்களை மதர் முன்னிலையில் வாய்விட்டுப் படிக்கவும் முடியாது. 1698-ல் ஜெரமி காலியர் என்ற குருவானவர் ஆங்கில நாடக மேடையின் ஒழுக்கக் கேட்டைச் சாடி ஒரு நூலே எழுதினார். டர்ஃபியின் 'டான் க்விக்ஸட்' நாடகமும் அதில் நன்றாக அடிபட்டது. காலியர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அதே நாடகத்தின் மூன்றாம் பாகத்துக்குத்தான், 1695-ல் நோயில் கிடந்தபடி, பர்ஸல் தம் கடைசிப் பாட்டை எழுதிக் கொடுத்தார் என்று அச்சிட்டோர் குறித்திருக்கிறார்கள். மேடையில் பாடியவள் லெட்டிஷியா க்ராஸ் என்ற இளம்பெண். நாடகத்தோடு பாட்டையும் சேர்த்து எரிக்க வேண்டுமா? நெல்லில் பதர் இருந்தால் முறம் எதற்கு இருக்கிறது?

பர்ஸலும் தலைக்கனம் இல்லாதவர் அல்லர் போலும். அரசி மேரி ஒருநாள் அவருடைய பாட்டுக்களைக் கேட்டுச் சலித்து, பாடகி அரபெல்லா ஹன்டிடம், தெருவில் பாடும் ஒரு ஸ்காட்லாந்துப் பாட்டு வருமா என்று கேட்டாராம். அரபெல்லா அதைப் பாட, அரசி மகிழ, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த பர்ஸலுக்கு உள்ளூரக் கோபம். 1692-ல் அரசியின் பிறந்தநாள் வாழ்த்துக்கு இசை அமைத்தபோது, அந்தத் தெருப்பாட்டின் மெட்டையே ஒரு பாட்டின் அடிச் சுரமாக வைத்துவிட்டார். 1776-ல் ஜான் ஹாக்கின்ஸ் தம் இசை வரலாற்றில் இக்கதையைச் சொல்கிறார். தெருப்பாட்டும் அரசவைப் பாட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நின்று அழகாகவே ஒலிக்கின்றன.

1695 நவம்பர் 21-ஆம் நாள், புனித செசிலியம்மாள் திருநாளுக்கு முதல்நாள், முப்பத்தாறு வயதில் பர்ஸல் காலமானார். 1683 முதல் லண்டன் இசைவாணர்கள் அந்தப் புனிதையின் நாளைக் கொண்டாடி வந்தார்கள். முதல் ஆண்டிலேயே அவர் பாட்டு அமைத்துக் கொடுத்திருந்தார். மடாலயக் கோவிலில் ஆர்கன் அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். பக்திப் பாட்டுக்களை மட்டும் சேர்த்து வைத்தால் போதும் என்று அவருடைய மனைவி ஃப்ரான்சஸ் எண்ணவில்லை. 1698-ல், காலியரின் நூல் வந்த அதே ஆண்டில், கணவரின் உலகப் பாட்டுக்களைத் திரட்டிய 'ஆர்ஃபியஸ் பிரிட்டானிக்கஸ்' வெளிவந்தது. அவர் அதைக் காணிக்கையாக்கியது கணவரின் மாணவியான ஹவர்ட் சீமாட்டிக்கு. ஒரு விதவை வெளியிட, ஒரு மாணவி ஏற்க, வீடுகளில் பெண்கள் பாடினார்கள். இல்லாவிட்டால் இன்று நமக்கு எத்தனை பாட்டு மிஞ்சியிருக்கும்?

இங்கிலாந்தின் பேராலயங்களில் சிறுமியருக்கெனத் தனிப் பாடற்குழுவை முதலில் ஏற்படுத்தியது சாலிஸ்பரி, ஆண்டு 1991. செல்சீ மாணவியர் டைடோவைப் பாடி முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின்!

ஆதலால் அடுத்த ஆண்டு விழாவில், வழக்கமான ஞானப் பாடல்களோடு டைடோவின் புலம்பலையும் அதைத் தொடர்ந்து வரும் குழுப் பாட்டையும் பாடவும், அதற்கு அடுத்ததாகத் தேவமாதாவின் புலம்பலைப் பாடவும் இசை ஆசிரியையிடம் அனுமதி கோருகிறேன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுப் பெற்றோரே தீர்ப்புச் சொல்லட்டும். குழுப் பாட்டில் ஆண்களுக்குரிய கீழ்க் குரல்களை ஆர்மோனியத்தில் வாசித்துவிடலாம். அரசியாக நிற்பது யார் என்பதில்தான் தகராறு வரும். பத்தாம் வகுப்பில் மட்டும் மூன்று பேர் இருக்கிறார்கள்.